கவண் சென்னிக்கு நோ-பால் சொல்லாதவன்

உட்காருங்க அம்மணி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. வெயில் மூஞ்சியில அடிக்குதுங்களா? அடிக்கத்தான் செய்யும். போன மாசம் வந்திருந்தீங்கன்னா இந்த இடத்துல ஒரு ரூம் இருந்துச்சு. சுவர் இருந்துச்சு, சன்னல் இருந்துச்சு, சன்னலுக்குத் திரைகூட இருந்துச்சு. இப்போ ஹாலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒண்ணும் கிடையாது. போறவன் வர்றவனெல்லாம் நம்ம தட்டுல என்ன குழம்புன்னு பார்த்துட்டுப் போறான்.

நகராட்சி சேர்மனுக்கு மூன்றாண்டு சாதனை மலர் போடறாங்களா? போடட்டும். அதுல 'தலைவரின் விளையாட்டு வாழ்வு'ன்னு நாலு பக்கமா? நாலு பக்கம் பத்தாதுங்க. என்னையப் பார்க்கச் சொல்லி சென்னியப்பனே அனுப்பினானா? பாருங்க தைரியத்தை. இடிச்சவன், இடிபட்டவன்கிட்ட வாழ்த்துரை கேட்டு ஆளனுப்பறான்.

சொல்றேன். ஆனா சொல்றதை அப்படியே எழுதணும். நான் பொய் பேசறவன் இல்லை. மேல மில்லுல முப்பத்தோரு வருஷம் டைம் ஆபீஸ் கிளார்க். பத்து நிமிஷம் லேட்டா வந்தான்னு என்ற மச்சினனுக்கே அரை நாள் வெட்டியிருக்கேன். அதுக்கு என்ற சம்சாரம் ஃபிலோமினா ஒரு வாரம் என்கூடப் பேசலை. ரொம்ப நல்ல வாரம் அது. ஞாயித்துக்கிழமைன்னா வெள்ளைக் கோட்டு, அம்பயர் வேலை. நீங்க வர்றப்போ 'இன்னாசிமுத்து வீடு எது'ன்னு கேட்டிருந்தா யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. 'அம்பயர் வீடு'ன்னு கேட்டாத்தான் சொல்லுவாங்க. அப்படித்தான கேட்டீங்க? பாருங்க.

அப்போ ஊருல ரெண்டு மில். மேட்டுல இருந்தது மேல மில், எங்களது. ஆத்தோரம் இருந்தது கீழ மில். ரெண்டு முதலாளிங்களும் பங்காளிங்க. கோர்ட்டுல தீர்க்க முடியாததையெல்லாம் கிரிக்கெட்டுல தீர்த்துக்கலாம்னு வருஷா வருஷம் மே மாசம் ஒரு கோப்பை. கோப்பை சின்னதுதான், அரைப் படி அரிசி பிடிக்கும். ஆனா தோத்த மில்லு மேனேஜருக்கு அந்த வருஷம் பதவி உயர்வு கிடையாது. அதனால ரெண்டு மேனேஜருக்கும் நூல் ஓடுதோ இல்லையோ, பந்து ஓடணும்.

எங்க மேனேஜர் ரங்கபாஷ்யம் எண்பத்தொண்ணுல ஒரு நாள் ஜீப்புல வந்துட்டு இருந்தாரு. வழியில சோளக்காடு. காட்டுல பரண். பரண் மேல ஒரு பத்தொன்பது வயசுக்காரன் நின்னு கவணால கிளி விரட்டிட்டு இருந்தான். விட்டான் ஒரு கல்லு. கிளி தப்பிச்சுக்கிச்சு, ஜீப்போட ஒரு லைட்டு போச்சு. மேனேஜர் இறங்கினாரு. அறை விழும்னு அவன் கன்னத்தைப் பொத்திக்கிட்டு நின்னிருக்கான். அவரு சொன்னாராம், "கவணு வேண்டாம். வெறுங்கையால எறி. அந்த இன்னொரு லைட்டையும் உடை, பார்க்கலாம்." உடைச்சுட்டான். அடுத்த நாள் மில்லுல வேலை.

அதை நல்லா எழுதிக்குங்க. நம்மூர்ல விளையாடறதுக்குன்னே சம்பளம் வாங்கின முதல் ஆளு சென்னியப்பன்தான். ரெஜிஸ்டர்ல ஸ்பின்னிங் செக்‌ஷன், ரெண்டாவது ஷிப்டு. அஞ்சு வருஷத்துல அவன் நூல் சுத்தற ஒரு கதிரைத் தொட்டதில்லை. கதிர் எந்தப் பக்கம் சுத்துதுன்னே அவனுக்குத் தெரியாது. தினமும் அவனுக்கு 'ஆஜர்' போட்டது நான்தான். என்ன அப்படிப் பார்க்கறீங்க? மேனேஜர் போடச் சொன்னாரு, போட்டேன். அது பொய் இல்லீங்க, உத்தரவு.

விளையாட்டுக்கு வர்றேன்.

அவனுக்குப் பந்து போடச் சொல்லிக் குடுத்தாங்க. "கையை நீட்டு, மடக்காதே, காதை உரசிக் கொண்டு வந்து விடு." மூணு வாரம். கையை நீட்டிப் போட்டான்னா பந்து ஸ்டம்ப்பைத் தவிர மீதி எல்லாத்து மேலயும் பட்டுச்சு. புளிய மரத்துல பட்டுச்சு, கேன்டீன் ஓட்டுல பட்டுச்சு, ஒரு தடவை டீ கொண்டு வந்த அய்யாசாமி மேல பட்டுச்சு. கையை மடக்கி விட்டான்னா, அம்மணி, கண்ணுக்குத் தெரியாது. ஸ்டம்ப்பு பறக்கற சத்தம் கேட்டப்புறம்தான் பந்து போயிருச்சுன்னு தெரியும்.

சட்டம் என்னன்னா, கை மடங்கி நிமிர்ந்தா அதுக்குப் பேரு பவுலிங் இல்லை, எறி. அம்பயர் கையைப் பக்கவாட்டுல நீட்டி நோ-பால் சொல்லணும். எந்த அம்பயர்? ஸ்டம்ப்புக்குப் பின்னாடி நிக்கறவன் இல்லை, லெக் சைடுல தள்ளி நிக்கறவன். அவனுக்குத்தான் முழங்கை தெரியும். நம்மூர் கோப்பையில ஒரு வழக்கம். ஆளுக்கொரு அம்பயரை அந்தந்த மில்லே கூட்டிட்டு வரும். பேட்டிங் பண்ற மில்லோட ஆளு ஸ்டம்ப்புக்குப் பின்னாடி நிப்பான். பவுலிங் போடற மில்லோட ஆளு லெக் சைடுல நிப்பான். ரெண்டு முதலாளிங்களும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணினது. அதனால காலுல வாங்கினவனுக்கு அவுட் குடுக்க வேண்டியவன் அவன் மில்லு ஆளு. அஞ்சு வருஷத்துல ஒரு எல்.பி.டபிள்யூ கிடையாது. எறியறவனுக்கு நோ-பால் சொல்ல வேண்டியவன் நானு. சரிக்குச் சரியாப் போச்சு.

மடங்குச்சா இல்லையான்னு கேக்கறீங்களா? நான் பேட்ஸ்மேன் காலைத்தானுங்க பார்ப்பேன். கிரீஸுக்குள்ள இருக்கானா, வெளியே இருக்கானான்னு பார்க்க வேண்டாமா? ஒருத்தன் வேலை செய்யறப்போ அவன் கையையே முறைச்சுப் பார்க்கறது நாகரிகம் இல்லை. எங்க அப்பா என்னைய அப்படித்தான் வளர்த்தாரு.

ஜனங்க பார்த்துட்டாங்க. ஜனங்களுக்கு என்ன நாகரிகம். கீழ மில்லுக்காரனுங்க பூவரச மரத்து மேல ஏறி உட்கார்ந்துட்டு, "கவண் சென்னி, கிளி எங்கடா?"ன்னு கத்துவானுங்க. இவன் விடற ஒவ்வொரு பந்துக்கும் மரத்துல இருந்து கிளி மாதிரிக் கத்துவானுங்க. என்னையும் விடலை. "அம்பயரு, திரும்பிப் பாரு, பொண்டாட்டி வர்றா"ன்னு கத்துவானுங்க. நான் திரும்பினதில்லை. அஞ்சு வருஷம். நாலு கோப்பை.

அஞ்சாவது வருஷம், எண்பத்தஞ்சு ஃபைனல். கீழ மில்லுக்கு வார்ப்பிங் செக்‌ஷன் தங்கவேலு ஆட வந்தான். நல்ல ஆட்டக்காரன். கல்யாணம் நிச்சயமாகி ஒன்பது நாள் ஆகியிருந்துச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை ஆட்டத்தைப் பார்க்க வேன் வெச்சு வந்திருந்தாங்க. சென்னி விட்டான். தங்கவேலு குனிஞ்சான். அவன் குனிஞ்சது தப்புன்னு நான் இன்னிக்கும் சொல்லுவேன். பந்து நேரா வாயில. நாலு பல்லு. பொண்ணோட அம்மா கூட்டத்தை விலக்கிட்டு வந்து புல்லுல உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாப் பொறுக்கி முந்தானையில முடிஞ்சுக்கிச்சு. என்ன பண்றதுக்குன்னு இன்னிக்கும் எனக்குப் புரியலை.

ஆட்டம் நின்னுபோச்சு. கீழ மில்லு மேனேஜர் கிரவுண்டுக்குள்ள நடந்து வந்தாரு. நேரா என்கிட்ட. "இன்னாசி, மச்சினனுக்கே சம்பளம் வெட்டினவன் நீயின்னு சொல்றாங்க. அவன் கை மடங்குதா இல்லையா? நீ சொல்றதை நாங்க ஏத்துக்கறோம்"னாரு. எவ்வளவு மரியாதை பாருங்க. எங்க மேனேஜர் பந்தல்ல இருந்து பார்த்துட்டு இருந்தாரு. சென்னியும் பார்த்துட்டு இருந்தான். அவன் மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருந்துச்சு.

"மடங்கலை"ன்னேன்.

ஜெயிச்சுட்டோம். தங்கவேலுக்குக் கல்யாணமும் நடந்துச்சுங்க, பல்செட்டோட. போட்டோவுல பாருங்க, எவ்வளவு எடுப்பா இருக்கான். சொந்தப் பல்லு அவ்வளவு வரிசையா இருந்ததில்லை.

அன்னிக்கு மில்லுல பிரியாணி. சென்னி மட்டும் இலையில உட்காரலை. கை கழுவற குழாய்கிட்ட வந்து என்கிட்டக் கேக்கறான், "அண்ணா, மடங்குதுன்னு எனக்கே தெரியுது. உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?" கேள்வியைப் பாருங்க. "அஞ்சு வருஷமாத் தெரிஞ்சுதா, இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"ன்னேன். குழாயைத் திறந்து கையைக் கழுவ ஆரம்பிச்சான். "போய்ச் சாப்பிடுடா, கறி தீர்ந்துரும்"னேன். நான் சொன்ன மாதிரியே தீர்ந்துருச்சு. அடுத்த நாள் அவன் மில்லுக்கு வரலை. அதுக்கடுத்த நாளும் வரலை. அவனுக்கு நான் இன்னும் ஒன்பது நாள் 'ஆஜர்' போட்டேன். நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு குடுக்கலையே.

அப்புறம் பால் சொசைட்டியில எடை போடற வேலைக்குப் போனான். எடையில தண்ணி காட்டினவனையெல்லாம் பிடிச்சுக் குடுத்தான். ஜனங்களுக்கு மனு எழுதிக் குடுத்தான். கவுன்சிலருக்கு நின்னான், சுயேச்சையா, மூணு தடவை ஜெயிச்சான். இப்போ சேர்மன். வந்த முதல் மாசம் பஸ் ஸ்டாண்டு ஆக்கிரமிப்பை எடுத்தான். முதல்ல இடிச்சது அவன்ற சித்தப்பன் கடைப் படியை. ஊரே கை தட்டுச்சு. நானும் தட்டினேன். அவன்ற சித்தப்பன் ஒரு மாதிரியான ஆளு.

இனி என்ற ரூம் கதை.

ரிட்டயர் ஆனப்புறம் மகன் சேவியர் வீட்டைப் பார்த்துக்கிட்டான். மருமக ஜெசிந்தா தங்கமான பொண்ணு, குறை சொல்ல மாட்டேன். டிவியை மட்டும் கொஞ்சம் சத்தமா வைக்கும். அடுத்த தெருவுல கேட்கற அளவுக்கு, அவ்வளவுதான். எழுபது வயசுக்கு மேல ஒரு மனுசன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்க ஒரு இடம் வேணுமில்லீங்களா? வீட்டுக்கு முன்னாடி சாக்கடை சும்மா திறந்து கிடந்துச்சு. அது மேல ஸ்லாப் போட்டு, அடியில ஒரு குழாயை விட்டு, ஹாலோட முன் சுவரை இடிச்சுட்டு ஒரு ரூம் எடுத்தேன். பத்துக்கு ஆறு. ஒரு கட்டில், ஒரு ஃபேன், ஒரு ஆணி. என்ற சொந்த ரூம்னு வாழ்க்கையில இருந்தது அது ஒண்ணுதான்.

பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு வாடகைக்கு இருக்குது, பவித்ரா. புருசன் திருப்பூர்ல பனியன் கம்பெனி, வாரம் ஒரு தடவை வருவான். கைக்குழந்தை, பொம்பளப் புள்ள. அது வயித்துல இருந்தப்போவே அந்தப் பொண்ணு என்கிட்ட வந்துச்சு. "தாத்தா, மழை பேஞ்சா சாக்கடைத் தண்ணி எங்க வீட்டுக்குள்ள வருது. உங்க ரூமுக்கு அடியிலதான் அடைச்சுக்குது"ன்னு. நான் பொறுமையாத்தான் சொன்னேன், "அம்மணி, உங்க வீட்டுத் தரை தாழ்வு. தண்ணி பள்ளத்துக்குத்தான் வரும். அது தண்ணியோட குணம், அதுக்கு என்ற ரூம் என்ன பண்ணும்?" குழந்தை பொறந்தப்புறம் மறுபடியும் வந்துச்சு. மறுபடியும் தண்ணியோட குணத்தைச் சொன்னேன்.

ஐப்பசி மழையில ரெண்டு நாள் தண்ணி நின்னுச்சு. குழந்தைக்கு வாந்தி, வயித்துப்போக்கு. பெரிய ஆஸ்பத்திரியில ஆறு நாள். குழந்தைன்னா வயித்தால போகத்தானுங்க செய்யும். எனக்கே போகும். ஆனா அது வீட்டுக்கு வந்த நாலாவது நாள் எனக்கு நகராட்சி நோட்டீசு, எல்லைக் கோட்டைத் தாண்டி நாலடின்னு. ஆக்கிரமிப்பு. ஏழு நாள்ல நீங்களே எடுத்துக்கணும், இல்லைன்னா நாங்க எடுப்போம். கீழே கையெழுத்து யாருன்னு நினைக்கறீங்க? சென்னியோட கமிஷனர்தான்.

ஏழு நாளும் நான் ஒரு செங்கல்லைத் தொடலை. எட்டாவது நாள் காலையில பத்து மணிக்கு ஜேசிபி வந்துச்சு. நகரமைப்பு இன்ஸ்பெக்டர் வந்தாரு. பின்னாலயே சேர்மனும் வந்தான், டிவிஎஸ் வண்டியில. தெரு முழுக்கக் கூட்டம், தேருக்கு வந்த மாதிரி. நான் என்ன பண்ணினேன்? வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டினேன். ரூமுக்குள்ள போனேன். தாழ்ப்பாளைப் போட்டுக் கட்டில்ல உட்கார்ந்துட்டேன்.

சென்னி சன்னல்கிட்ட வந்தான். "அண்ணா, வெளியே வாங்க."

"வரமாட்டேன். இடிக்கறதுன்னா என்னையும் சேர்த்து இடி."

உள்ளே இருந்து ஃபிலோமினா குரல் குடுக்கறா, "தம்பி, இடிக்கறதுன்னா சீக்கிரம் இடிங்க. அடுப்புல பருப்பு இருக்குது, தூசி விழும்." நாப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன் அவகூட.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். எந்திரிச்சு சன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன், "ஏப்பா சென்னி, அஞ்சு வருஷம். எத்தனை ஓவர் போட்டே? நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கையை நீட்டினேனா? உனக்காக நான் கண்ணை மூடினேன்ல? எனக்காக நீ இந்த நாலடிக்குக் கண்ணை மூட மாட்டியா?"

சொன்னப்புறம்தான் கவனிச்சேன், ஜேசிபிக்காரன் இன்ஜினை ஆஃப் பண்ணியிருந்தான். தெருவே கேட்டிருச்சு. கூட்டத்துல பின்னாடி தங்கவேலு நின்னுட்டு இருந்தான். அவன் பல்செட்டைக் கழட்டிக் கையில வெச்சிருந்தான். வெத்தலை போடறதுக்காகத்தான் இருக்கும்.

சென்னி குரலை ஏத்தலை. "மூடினேண்ணா"ன்னான். "சேர்மன் ஆன நாள்ல இருந்து மூடிட்டுத்தான் இருந்தேன். இன்ஸ்பெக்டர் உங்க வீட்டுக்கு நாலு நோட்டீசு எழுதிக் குடுத்தாரு. நாலும் என்ற டிராயர்ல கிடக்குது. அந்தப் பொண்ணு முதல் மனு குடுத்தப்போ அது ஆறு மாசம் முழுகாம இருந்துச்சு. நம்ம அம்பயரண்ணாதான, பார்த்துக்கலாம்னு நினைச்சேன்."

நான் சன்னல் கம்பியை விட்டுட்டேன்.

"போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் புள்ளைக்குக் கையில நரம்பு கிடைக்கலைன்னு தலையில ஊசி ஏத்தியிருந்தாங்க. அதோட அம்மா ஊசி நகராம இருக்கணும்னு ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்துச்சு. அண்ணா, தங்கவேலுக்கு அப்புறம் நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினது இது."

நாம ரெண்டு பேருமாம். எப்படிச் சேர்த்துக்கறான் பாருங்க.

அப்புறம் இன்ஸ்பெக்டர் கையில இருந்த டேப்பை வாங்கி சன்னல் கம்பிக்குள்ள நீட்டினான். "நீங்களே அளங்க. கோடு எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். உள்ளே இருக்குதுன்னு நீங்க சொன்னா நான் வண்டியைத் திருப்பிட்டுப் போயிடறேன். ஊரு என்னைக் கேட்கட்டும்."

"சார், அப்படியெல்லாம் பண்ண முடியாது சார்"னு இன்ஸ்பெக்டர் பதறினாரு. அவன் காதுல வாங்கலை.

நான் கதவைத் திறந்து வெளியே வந்தேன். பவித்ரா அது வீட்டு வாசப்படியில நின்னுட்டு இருந்துச்சு, புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, அதோட தலையை உள்ளங்கையால மூடிக்கிட்டு. என்னையப் பார்த்ததும் ஒரு படி உள்ளே போச்சுங்க. பயம். அந்தப் பொண்ணு பயந்துட்டுத்தான் இருந்திருக்குது, இத்தனை நாளும். என்னையப் பார்த்துப் பயப்பட என்ன இருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் யாரையாச்சும் ஏதாச்சும் பண்ணியிருக்கேனா? நான் ஒண்ணுமே பண்ணினதில்லையே.

சர்வே கல்லுல டேப்போட ஒரு முனையை வெச்சேன். மறு முனையை இன்ஸ்பெக்டர் பிடிச்சாரு. சுவர் வரைக்கும் இழுத்தேன். குனிஞ்சு பார்த்தேன். கண்ணாடியைத் துடைச்சுட்டு இன்னொரு தடவை பார்த்தேன். அந்தக் கூட்டத்துல ஒருத்தன் இருமலை. ரூமுக்குள்ள ஃபேன் ஓடிட்டு இருந்தது தெரிஞ்சுது. அணைக்காம வந்துட்டேன்.

நிமிர்ந்து, "நாலடி ரெண்டங்குலம். வெளியே"ன்னேன்.

சும்மா சொல்லலீங்க. டேப்புல இருந்ததைத்தான் சொன்னேன். நான் எப்பவும் இருக்கறதைத்தான் சொல்லுவேன். அதை மலர்ல போடுங்க. சேர்மன் இடிச்சாருன்னு போடாதீங்க, அம்பயர் இடிக்கச் சொன்னாருன்னு போடுங்க. அப்புறம் உள்ளே போய் ஃபேனை அணைச்சுட்டு, கட்டிலை நானேதான் இழுத்துட்டு வந்தேன். சென்னி மறு பக்கம் பிடிக்க வந்தான். பிடிக்க விடலை. கதவு நிலையில மாட்டிக்கிச்சு, அப்புறம் வேற வழியில்லாம விட்டேன்.

இப்போ என்ற கட்டில் ஹால்ல, டிவிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவுல. டிவியைக்கூடப் பொறுத்துக்கலாம். பக்கத்து வீட்டுப் புள்ள இருக்குதே, சுவர் இல்லாததால அது அழுகறது நேரா என்ற காதுக்குள்ள வருது. மத்தியானம் சரியா ரெண்டு மணிக்கு ஆரம்பிக்கும். மில்லு சங்கு தோத்துப்போகும். சாப்பிட்டுட்டுக் கண்ணசந்த மனுசனுக்கு எப்படி இருக்கும்? சென்னிகிட்டப் புகார் குடுக்கலாம்னுகூட நினைச்சேன். எந்தச் சட்டத்துல குடுக்கறதுன்னு தெரியலை.

நேத்து ரெண்டு மணியாச்சு, சத்தத்தைக் காணோம். நல்லதாப் போச்சுன்னு திரும்பிப் படுத்தேன். ரெண்டே கால் ஆச்சு. இல்லை. ஜெசிந்தாகிட்ட டிவியைக் குறைன்னு சொன்னேன், குறைச்சுது. அப்பவும் கேட்கலை. ரெண்டரை ஆச்சு. எந்திரிச்சு, சட்டையைக்கூடப் போடாமப் போய்க் கதவைத் தட்டிட்டேன்.

பவித்ரா திறந்துச்சு. புள்ள தோள்ல. என்னையப் பார்த்ததும் இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. "என்ன தாத்தா?"ன்னுச்சு.

என்னத்தைச் சொல்றது? "ஏன் அழலை?"ன்னு கேட்டேன்.

"தூங்குது தாத்தா."

"மூச்சு வருதான்னு பாரு."

திட்டும்னு நினைச்சேன். திட்டலை. அந்தப் பொண்ணு அதையே ஒரு நாளைக்கு நூறு தடவை பார்க்கும்போல. குனிஞ்சு பார்த்துச்சு. அப்புறம் ஒரு நிமிஷம் யோசிச்சு, புள்ளையைத் தோள்ல இருந்து இறக்கி, என் பக்கமாத் திருப்பிப் பிடிச்சு, "நீங்களே பாருங்க"ன்னுச்சு.

மூக்குக்குக் கீழே விரலை வெச்சேன் அம்மணி. தலையில முடியைச் சிரைச்ச இடத்துல இப்போதான் முளைக்குது. மூச்சு வந்துச்சுங்க. சூடா வந்துச்சு. வருதுன்னு தெரிஞ்சப்புறமும் எடுக்காமக் கொஞ்ச நேரம் வெச்சிருந்தேன்.